கடைசியாக வேலை செய்த நாள்

2025 ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் பெரிய மாமா பொம்மனஹள்ளியிலிருந்து ஒரு ரெக்சின் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் தருமபுரிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கையாளாக வந்து, கொத்தனாராகி, இன்று முப்பது பேரை வைத்துக்கொண்டு பூச்சு வேலையை லேபர் ரேட்டில், அதாவது பொருள் இல்லாமல் ஆள் கூலிக்கு மட்டும், எடுத்துச் செய்கிற மேஸ்திரி அவர். பையைத் திறந்தால் ஒர்க் ஆர்டர், ஆர்.ஏ. பில் (வேலை நடக்க நடக்கப் போடும் இடைக்கால பில்) நகல்கள், அளவுத் தாள்கள், கூலி நோட்டு, டீக்கடைச் சீட்டு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. "பாப்பா, நீ அமெரிக்காக்காரனுக்கு பாக்கி வசூல் பண்ற ஆபீஸ்லதானே இருக்க? இதையும் கொஞ்சம் பாரு" என்றார்.

அவர் சொன்னது பாதி சரி. பதினோரு ஆண்டுகளாக நான் பெங்களூரில் இருந்துகொண்டு அமெரிக்கக் கட்டுமானத் துறைக்கான சட்ட ஆவணங்களைத் தயாரிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். வசூல் எங்கள் பொறுப்பில் இல்லை. அங்கே ஒரு கட்டடத்துக்கு மின்கம்பி விற்றவர், ஓடு பதித்தவர், ஜன்னல் பொருத்தியவர் ஆகியோருக்கு எந்த மாநிலத்தில், எந்தத் தேதிக்குள், யாருக்கு நோட்டீஸ் போக வேண்டும் என்று கணக்குப் பார்த்து, அதைத் தயாரித்து, தவறாமல் அனுப்பவைப்பதே எங்கள் அன்றாட வேலை. முகம் தெரியாத மனிதர்களின் உரிமை ஒரு நாள்கூடப் பிசகிவிடக் கூடாது என்று இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருந்த நான், என் சொந்த மாமாவின் 7,35,000 ரூபாய் மூன்று ஆண்டுகளாக நிலுவையில் கிடந்ததை அறியாமல் இருந்திருக்கிறேன். அந்த வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல; மாமாவின் விவகாரத்தை முறைப்படி நடத்தியவர் ஒரு வழக்கறிஞர். இருந்தாலும், நாள் கணக்கு என்பது எத்தனை கூர்மையான விஷயம் என்பதை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவள் என்ற முறையில் சொல்வதற்குச் சில செய்திகள் இருக்கின்றன.

அமெரிக்காவில் இருக்கும் ஏற்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். லீன் என்று அவர்கள் சொல்வதற்குச் சட்டத் தமிழில் பற்றுரிமை என்று பெயர். ஒரு கட்டடத்தில் உழைப்பையோ பொருளையோ போட்டவருக்குப் பணம் வராவிட்டால், அந்தக் கட்டடத்தின் மீதும் அது நிற்கும் நிலத்தின் மீதும் தன் பாக்கியைப் பதிவு செய்துகொள்ளும் உரிமை அது. பதிந்துவிட்டால் அந்தச் சொத்தை விற்பதும் அடமானம் வைப்பதும் உரிமையாளருக்குச் சிரமமாகிவிடும். வழக்குப் போட்டால், கடைசியில் சொத்தையே விற்று பாக்கியை வசூலிக்கும் அளவுக்கும் போகலாம். 1791-இல் மேரிலாந்து மாநிலம், புதிதாக எழுந்துகொண்டிருந்த தலைநகரத்தின் கட்டட வேலைகளை மனத்தில் வைத்து இயற்றிய சட்டத்திலிருந்து அங்கே இந்த மரபு தொடங்குகிறது. இதில் கவனிக்க வேண்டியது, உரிமையாளரோடு நேரடி ஒப்பந்தமே இல்லாத துணை ஒப்பந்தக்காரருக்கும் பொருள் விற்றவருக்கும்கூட இந்த உரிமை உண்டு என்பதுதான். இடையில் இருக்கும் பெரிய ஒப்பந்தக்காரர் கைவிரித்தாலும், கட்டடம் கைவிரிக்க முடியாது.

ஆனால் இந்த உரிமை தேதிகளின் மேல் கட்டப்பட்டது. கலிஃபோர்னியாவில், உரிமையாளரோடு நேரடி ஒப்பந்தம் இல்லாதவர், தன் ஆளோ பொருளோ தளத்தில் முதலில் இறங்கிய நாளிலிருந்து 20 நாள்களுக்குள் ஒரு முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும். தாமதமாக அனுப்பினால் உரிமை முழுவதும் போய்விடுவதில்லை. அனுப்பிய நாளுக்கு முந்தைய 20 நாள்களில் செய்த வேலைக்கும் அதற்குப் பிறகு செய்யும் வேலைக்கும் மட்டுமே அது பொருந்தும், அதற்கு முன் செய்தது விட்டுப்போகும். வேலை முழுவதும் முடிந்த பின் 90 நாள்களுக்குள் பற்றுரிமையைப் பதிய வேண்டும். ஆனால் உரிமையாளர் வேலை முடிந்தது என்று ஓர் அறிவிப்பைப் பதிந்துவிட்டால், அந்த 90 நாள் நேரடி ஒப்பந்தக்காரருக்கு 60 நாளாகவும் மற்றவர்களுக்கு 30 நாளாகவும் சுருங்கிவிடும். பதிந்த பிறகும் ஓய்வில்லை. 90 நாள்களுக்குள் வழக்குத் தொடராவிட்டால் பதிவு செல்லாததாகிவிடும். ஃப்ளோரிடாவில் முன்னறிவிப்புக்கு 45 நாள், கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து பதிவுக்கு 90 நாள், வழக்குக்கு ஓராண்டு. அந்த ஓராண்டையும் உரிமையாளர் ஓர் எதிர்ப்பு அறிவிப்பின் மூலம் 60 நாளாகக் குறைத்துவிட முடியும். நியூயார்க்கில் பதிவுக்கான கெடு தனியார் கட்டடத்துக்கு எட்டு மாதம், ஒரு குடும்பம் மட்டும் வசிக்கும் வீடென்றால் நான்கு மாதம். டெக்சாஸில் நாள் கணக்கை விட்டுவிட்டு, வீடல்லாத கட்டடங்களுக்கு வேலை செய்த மாதத்துக்குப் பின் மூன்றாவது மாதத்தின் 15-ஆம் தேதி என்று மாதக் கணக்கில் நோட்டீஸ் கெடு வைத்திருக்கிறார்கள். ஒரே பொருளை ஒரே லாரியில் இரண்டு மாநிலங்களுக்கு அனுப்பிய வியாபாரிக்கு இரண்டு விதமான கெடு.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு நடந்த ஒன்றை இன்றும் மறக்க முடியவில்லை. ஃப்ளோரிடாவில் விளக்குப் பொருத்திகள் விற்கும் ஒரு சிறு கடைக்காரரின் கோப்பு எங்களிடம் வந்தது. கடைசி நாள் என்று அவர் எழுதியிருந்த தேதிப்படி இன்னும் மூன்று வாரம் மீதமிருந்தது. டெலிவரி சலான்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோதுதான், அந்தத் தேதியில் அவர் கொடுத்தது புதிய சரக்கு அல்ல, ஏற்கெனவே கொடுத்ததில் எரியாமல் போன இரண்டு விளக்குகளுக்கு மாற்று என்று தெரிந்தது. முன்பு கொடுத்த பொருளின் குறையைச் சரிசெய்யப் போன நாளை, கடைசியாகப் பொருள் கொடுத்த நாளாகக் கொள்ள முடியாது என்று அந்த மாநிலச் சட்டமே வரையறுத்துச் சொல்கிறது. உண்மையான கடைசிச் சரக்கு இறங்கி அன்றோடு 94 நாள் ஆகியிருந்தது. நான்கு நாள் முன்னால் அந்தக் கோப்பு வந்திருந்தால், அல்லது அவர் அந்தச் சலானில் மாற்றுச் சரக்கு என்று ஒரு சொல் எழுதிவைத்திருந்து அதை முன்பே கவனித்திருந்தால், அவருக்கு ஒரு கட்டடமே பிணையாக இருந்திருக்கும். அதன் பிறகு அவர் பிணை எதுவும் இல்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நின்றார். அன்றிலிருந்து எந்தக் கோப்பை எடுத்தாலும் கடைசியாக வேலை செய்த நாள் எது, அதற்கு என்ன சான்று என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறேன். மாமாவின் பையைத் திறந்தபோதும் அதைத்தான் கேட்டேன்.

"அது எப்படிம்மா ஞாபகம் இருக்கும்? பொங்கல் கழிச்சு ரெண்டு மாசம் இருக்கும்" என்றார் மாமா. கூலி நோட்டில் இருந்தது. 2022 மார்ச் 18, வெள்ளிக்கிழமை, பதினொரு ஆள், நான்காவது மாடி வெளிப்பூச்சு. அதற்கு அடுத்த பக்கத்தில் வேறு சைட்டின் பெயர் தொடங்கிவிட்டது. மொத்த வேலை 31,00,000 ரூபாய்க்கு. ஆர்.ஏ. பில்களுக்கெல்லாம் பணம் வந்திருந்தது. கடைசி பில்லில் 5,80,000 ரூபாயும், ரிடென்ஷன் என்று ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடித்துவைத்த 1,55,000 ரூபாயும் நின்றுவிட்டன. கட்டடம் முடிந்து, குடிவந்து, பால்கனிகளில் துளசிச் செடி வளர்ந்துவிட்டது.

நம் நாட்டில் மாமா அந்தக் கட்டடத்தின் மேல் கைவைக்க முடியுமா என்றால், முடியாது. பற்றுரிமை என்ற கருத்து நம் சட்டத்தில் இல்லாமலில்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவில், ஒரு பொருளின் மேல் தன் உழைப்பையும் திறமையையும் செலுத்தியவர் கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்கிறது. செய்கூலி தராதவரிடம் தட்டான் நகையைக் கொடுக்க வேண்டியதில்லை. தையல்காரர் துணியைக் கொடுக்க வேண்டியதில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விலை வராத வியாபாரிக்குச் சரக்கு தன் கையில் இருக்கும்வரை அப்படி ஓர் உரிமையைத் தருகிறது. இரண்டுக்கும் அடிப்படை, பொருள் கையில் இருக்க வேண்டும் என்பது. சுவரில் ஏறிய பூச்சு யாருடைய கையில் இருக்கிறது? மட்டப்பலகை வைத்து இழுத்த கணத்திலேயே அது கட்டடத்தோடு சேர்ந்துவிட்டது. செய்கூலிக்காக ஒரு சவரன் சங்கிலியைப் பிடித்துவைக்கும் உரிமை பெற்ற நாட்டில், நான்கு மாடிக்குப் பூசியவனுக்கு அந்த உரிமை இல்லை என்பது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. உழைப்பு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு எளிதாக அது பிறருடைய சொத்தாகிவிடுகிறது.

அதனால் இங்கே மிஞ்சுவது பணத்துக்கான சாதாரண வழக்குதான். அதற்கும் ஒரு கெடு உண்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் செய்த வேலைக்கு, பணம் தரும் நாள் தனியாகக் குறிக்கப்படாவிட்டால், வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. மாமாவுக்கு அது 2025 மார்ச் 18. அவர் என்னிடம் வந்தது ஜூன் மாதத்தில். இதை மனத்துக்குள் கணக்கிட்டுப் பார்த்தபோது வாய் உலர்ந்துவிட்டது. அவரிடம் உடனே சொல்லவில்லை. "பெரிய இடம்மா, எப்படியும் குடுத்துருவாங்க. போன் பண்ணினா நல்லாத்தான் பேசறாங்க" என்று அவரே என்னைச் சமாதானப்படுத்தினார். நல்லவிதமாகப் பேசுவது சட்டத்தின் கண்ணில் எதுவுமில்லை. போனில் சொன்ன வாக்குறுதி கெடுவை நீட்டிக்காது. சைட் இன்ஜினியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய "அடுத்த வாரம் போட்டுடலாம் மேஸ்திரி" என்பதை நம்பியும் இருக்க முடியாது, ஏனென்றால் நிறுவனத்தின் சார்பாகக் கடனை ஒப்புக்கொள்ளும் அதிகாரம் அவருக்கு உண்டா என்ற கேள்வி உடனே எழும். பலர் தவறாக நம்பிக்கொண்டிருக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வக்கீல் நோட்டீஸ் விட்டுவிட்டால் காலக்கெடு நின்றுவிடும் என்பது உண்மையில்லை. நோட்டீஸ் போனாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்கு வழி வைத்திருந்தால் மட்டும், விவகாரத்தை நடுவரிடம் விட வேண்டும் என்று கேட்கும் நோட்டீஸ் எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேரும் நாளில் நடவடிக்கை தொடங்கியதாக 1996-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கொள்கிறது. மாமாவின் ஒர்க் ஆர்டரில் அப்படி ஒரு வரியும் இல்லை.

பையை முழுவதும் கொட்டித் தாள்களைத் தேதி வாரியாக மேசையில் அடுக்கினேன். அத்தை கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவை ஒரு மூலையில் எடையாக வைக்க வேண்டியிருந்தது. கூலி நோட்டின் பின்னட்டைக்குள் நான்காக மடித்த ஒரு தாள் செருகியிருந்தது. அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து வந்தது. 2023 மார்ச் 31 அன்று தங்கள் கணக்குப் புத்தகத்தின்படி உங்களுக்குத் தர வேண்டிய பில் பாக்கி 5,80,000, ரிடென்ஷன் 1,55,000 என்றும், இது சரியானால் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பவும் என்றும் எழுதி, கணக்கு மேலாளர் கையெழுத்துப் போட்டு, நிறுவனத்தின் ஊதா நிற வட்ட முத்திரை பதித்திருந்தார்கள். கையெழுத்துக்குக் கீழே 2023 ஏப்ரல் 24 என்று தேதி. "அதுவா? ஆடிட்டுக்குக் கேட்டாங்க. ரெண்டு காப்பி குடுத்தாங்க, ஒண்ணுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு இதைச் சும்மா வெச்சுக்கிட்டேன்" என்றார் மாமா.

காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, கெடு முடிவதற்கு முன்பே, கடன்பட்டவரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ தம் கையொப்பத்தோடு எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால், அந்தக் கையொப்பமிட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும் என்கிறது. பணத்தில் ஒரு பகுதியைக் கெடுவுக்குள் கொடுத்து, அதற்கு அவர் கையெழுத்திலோ கையொப்பத்திலோ சான்று இருந்தாலும் 19-ஆம் பிரிவின்படி அதே பலன்தான். பாக்கிக்காகக் கொடுத்த காசோலையின் நகலை எடுத்துவைக்கச் சொல்வது இதனால்தான். கெடு முடிந்த பிறகு கிடைக்கும் ஒப்புகைக்கு இந்தப் பலன் கிடையாது. அப்போது ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்கிறபடி, பழைய கடனைத் தருகிறேன் என்று கையொப்பமிட்ட புதிய வாக்குறுதியே வேண்டும். அதை எந்தக் கம்பெனி எழுதித் தரும்? ஆக, ஆடிட்டருக்காக அடித்த அந்தத் தாள் மாமாவின் கெடுவை 2026 ஏப்ரல் 24 வரை கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. ரிடென்ஷன் தொகைக்கு வேறொரு கணக்கும் உண்டு. அது வேலை முடிந்த நாளில் தர வேண்டிய பணமே அல்ல; குறை திருத்தும் காலமான பன்னிரண்டு மாதம் கழிந்த பின்பே தர வேண்டியது. எனவே அதற்கான மூன்று ஆண்டு 2023 மார்ச்சில்தான் தொடங்குகிறது. ஒரே சைட்டில் செய்த ஒரே வேலைக்கு இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன என்பதைப் பல மேஸ்திரிகள் அறியாமலேயே இருக்கிறார்கள்.

அதே பையில் கையெழுத்துப் போடாத இன்னொரு தாளும் இருந்தது. "மேற்படி வேலைக்கான தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்த சான்று. இதில் கையெழுத்திட்டால்தான் கடைசி பில்லை மேலே அனுப்புவோம் என்று பில்லிங் பிரிவில் சொன்னார்களாம். அன்று மாமாவின் கண்ணாடி உடைந்திருந்ததால் நாளைக்கு வருகிறேன் என்று எடுத்துவந்துவிட்டார். கண்ணாடி உடைந்திராவிட்டால் போட்டிருப்பார். கலிஃபோர்னியாவில் இந்த இடத்தில் சட்டம் எவ்வளவு கருத்தாக இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தேன். அங்கே உரிமையை விட்டுக்கொடுக்கும் தாளுக்கு நான்கு படிவங்களைச் சட்டமே வகுத்துத் தந்திருக்கிறது. இடைக்காலப் பணத்துக்கு இரண்டு, கடைசிப் பணத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று நிபந்தனையுள்ளது, அதாவது காசோலை வங்கியில் பணமான பின்பே உரிமை போகும்; மற்றொன்று நிபந்தனையற்றது, பணம் கைக்கு வந்தவர் மட்டுமே கையெழுத்திட வேண்டியது. நம்மிடம் அப்படிப் படிவம் ஏதும் இல்லை. வற்புறுத்தி வாங்கிய சான்று என்று நீதிமன்றத்தில் சொல்லலாம், உச்ச நீதிமன்றம் அதற்கு இடம் கொடுத்தும் இருக்கிறது. ஆனால் சும்மா சொன்னால் போதாது, வற்புறுத்தலை நிரூபிக்க வேண்டும். என்னைக் கேட்டால், பணம் வராமல் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்தால், "இந்த எண்ணுள்ள காசோலை பணமான பின் மட்டுமே செல்லும்" என்று ஒரு வரியைத் தன் கைப்படச் சேர்த்துவிட்டு, நகலும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாமா தவறவிட்ட ஒரு வாய்ப்பு உண்டு, அதை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், நம் நாட்டில் சிறு ஒப்பந்தக்காரருக்குக் கிடைத்திருக்கும் கருவிகளிலேயே கூர்மையானது. வேலையைப் பெற்றுக்கொண்டவர் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும், அந்த நாள் எப்படியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் நாள் எதுவும் குறிக்காவிட்டால் 15 நாள். வேலையில் குறை என்றால் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். மாநில அரசு அமைத்திருக்கும் வசதிப்படுத்தும் மன்றத்தில், வேலை கொடுத்தவர் இந்தியாவில் எந்த ஊரில் இருந்தாலும், வேலை செய்தவர் தம் ஊரிலிருந்தே முறையிடலாம். 2017-இல் அரசின் சமாதான் இணையதளம் வந்ததிலிருந்து இணையத்தின் வழியாகவும் முறையிட முடிகிறது. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வேலை கொடுத்தவர் நீதிமன்றம் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். போதாததற்கு, குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, தரும் ஆண்டு வரை செலவாகக் காட்ட முடியாதபடி வருமான வரிச் சட்டத்திலும் ஒரு விதி 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. மார்ச் மாதத்தில் கணக்குப் பிரிவுகள் திடீரெனச் சுறுசுறுப்பாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தனைக்கும் வாசற்படி, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு. ஆதாரும் பேன் எண்ணும் இருந்தால் இணையத்தில் கட்டணமே இல்லாமல் செய்துகொள்ளலாம். மாமா செய்திருக்கவில்லை. வேலையெல்லாம் முடிந்த பிறகு பதிந்துகொண்டு பழைய பாக்கிக்கு இந்தச் சட்டத்தின் பலனைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருந்தது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பொருளும் உழைப்பும் பிரிக்க முடியாதபடி சேர்ந்த ஒர்க்ஸ் கான்ட்ராக்ட் வகைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று பம்பாய், டெல்லி உயர் நீதிமன்றங்களில் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. சிமென்டும் மணலும் கம்பெனி கொடுக்க, மாமா போல ஆளும் திறமையும் மட்டும் கொடுப்பது சேவை என்று வாதாடுவதற்கு இடமிருக்கிறது. டைல்ஸையும் தானே வாங்கிப் பதித்துக் கொடுப்பவர் இந்த வேறுபாட்டை ஒர்க் ஆர்டர் போடும்போதே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. திவால் சட்டத்தின் வழியாக நெருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். 2020 மார்ச் முதல் அதற்குக் குறைந்தது ஒரு கோடி ரூபாய் பாக்கி இருக்க வேண்டும் என்பதால், பூச்சு மேஸ்திரிக்கு அந்தக் கதவு மூடியாகிவிட்டது.

அரசாங்கக் கட்டடமென்றால் அமெரிக்காவிலும் பற்றுரிமை கிடையாது. பொதுச் சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவர முடியாதல்லவா. அதற்கு ஈடாகத்தான் அங்கே 1935-இல் மில்லர் சட்டம் வந்தது. மத்திய அரசின் கட்டட வேலையை எடுப்பவர், வேலையை முடிப்பதற்கு ஒரு பிணைப்பத்திரமும், தன்னிடம் வேலை செய்பவர்களுக்கும் பொருள் கொடுப்பவர்களுக்கும் பணம் தருவதற்கு இன்னொரு பிணைப்பத்திரமும் கொடுக்க வேண்டும். முதன்மை ஒப்பந்தக்காரரோடு நேரடி ஒப்பந்தம் இல்லாமல் அவருடைய துணை ஒப்பந்தக்காரருக்கு வேலை செய்தவர், கடைசி நாளிலிருந்து 90 நாளுக்குள் முதன்மை ஒப்பந்தக்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். கடைசி நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அதற்கும் கீழ்ப்படியில் இருப்பவர், அதாவது பொருள் விற்றவருக்குப் பொருள் விற்றவர், இந்தப் பாதுகாப்புக்குள் வரமாட்டார் என்று 1944-இலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எல்லை கட்டிவிட்டது. மாநிலங்களும் தத்தம் வேலைகளுக்கு இதே போன்ற சட்டங்களை வைத்திருக்கின்றன. குட்டி மில்லர் சட்டங்கள் என்று எங்கள் பிரிவில் சொல்லிக்கொள்வோம்.

இங்கே பெங்களூரில் ஒப்பந்தக்காரர்கள் கொடுக்கும் வங்கி உத்தரவாதங்களை, அதாவது அவர்கள் தவறினால் வங்கி பணம் தரும் என்ற பத்திரங்களைப் பார்த்தால், அவை ஏறக்குறைய எல்லாமே மேல்நோக்கிப் போகின்றன. மாமா போன்றவர் கம்பெனிக்குக் கொடுப்பார், கம்பெனி அரசுக்கோ கட்டட முதலாளிக்கோ கொடுக்கும். 2022 ஏப்ரல் முதல் காப்பீட்டு நிறுவனங்கள் வழியாகப் பிணைக் காப்பீட்டுக்கும் அனுமதி இருக்கிறது. அதன் பயனும் பெரும்பாலும் வேலை கொடுப்பவருக்கே. மேலிருந்து கீழே, உழைப்பைக் கொடுத்தவனுக்குப் பணம் வரும் என்று யாரும் பிணை நிற்பதில்லை. பொது வேலைகளிலாவது அப்படி ஒரு பிணைப்பத்திரத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாலைக்கும் பாலத்துக்கும் பாதுகாப்பு வைப்புத்தொகை கேட்கத் தெரிந்த அரசுக்கு, அதைக் கட்டியவர்களுக்காகவும் ஒரு தாளைக் கேட்டு வாங்குவது பெரிய காரியமல்ல. அதுவரை, உத்தரவாதம் கொடுத்திருக்கும் சிறு ஒப்பந்தக்காரர் அதில் இருக்கும் இரண்டு தேதிகளையும், உத்தரவாதம் முடியும் தேதியையும் கோரிக்கை வைக்கக் கடைசித் தேதியையும், தனித்தனியாகக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்தும் அசல் பத்திரத்தைத் திருப்பி வாங்காமல் விட்டால், நீட்டித்துக் கொடு அல்லது பணத்தை எடுத்துவிடுவோம் என்று ஒரு கடிதம் வங்கிக்குப் போகும். அப்படி எடுப்பதை, அப்பட்டமான மோசடி போன்ற மிகச் சில காரணங்களைத் தவிர, நீதிமன்றம் தடுக்காது.

கூலிக்கு மட்டும் நம் சட்டம் ஒரு படி மேலே போகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒப்பந்தக்காரர் தொழிலாளிக்குக் கூலி தராவிட்டால், முதன்மை வேலையளிப்பவர் அதைத் தந்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த ஏற்பாடு. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. மாமாவுக்கு இது உதவவில்லை. அத்தையின் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்து, 2022 ஏப்ரல் முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் கணக்கு முடித்துவிட்டார். "ஊர்லேருந்து நம்மள நம்பி வந்த பசங்க. கம்பெனி குடுக்கலைன்னு அவங்ககிட்ட சொல்ல முடியுமா?" என்றார். தன் ஆள்களிடம் ஒரு நாளும் தவணை சொல்லாத மனிதருக்கு, தனக்கு வர வேண்டியதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுவது சண்டைக்குப் போவதாகத் தோன்றியிருக்கிறது. நான் தினமும் அனுப்பும் முன்னறிவிப்புகளைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொன்னேன். பாக்கியே இல்லாதபோது, வேலை தொடங்கிய புதிதில், உங்கள் கட்டடத்தில் நான் இந்த வேலை செய்கிறேன் என்று தெரிவிக்கும் கடிதம் அது. அங்கே அதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மாமா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மொத நாளே அனுப்பிட்டா சங்கடம் இல்லைதான்" என்றார்.

அந்த வாரமே உத்யம் பதிவை முடித்தோம், இனிவரும் வேலைகளுக்காக. ஜூலையில் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினார், பதில் வரவில்லை. கட்டுமான ஒப்பந்தத்தில் வரும் மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாத பணத் தகராறு வணிக நீதிமன்றத்துக்குப் போவது. அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வழக்கென்றால், அதற்கு முன் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியாகச் சமரசம் முயன்றே ஆக வேண்டும் என்பது கட்டாயம். சமரசத்தில் செல்லும் நாள்கள் காலக்கெடுவில் சேராது என்பதால் அதில் அச்சப்பட ஒன்றுமில்லை. ஆகஸ்டில் விண்ணப்பித்தோம். முதல் அமர்வில் கம்பெனி தரப்பில் வந்தவர், மூன்று ஆண்டு கடந்துவிட்டது என்றே தொடங்கினார். எங்கள் வழக்கறிஞர் அந்த நான்காக மடித்த தாளை விரித்து வைத்தார். அது ஆடிட்டுக்கான சம்பிரதாயம், ஒப்புகை ஆகாது என்று கம்பெனி தரப்பில் வந்தவர் வாதித்துப் பார்த்தார். மாமா அந்தச் சமயத்தில் வாய் திறந்து, "சார், எவ்வளவு தரணும்னு அதுல நீங்கதானே எழுதியிருக்கீங்க" என்று மட்டும் கேட்டார். மூன்றாவது அமர்வில், வட்டியையும் அசலில் கொஞ்சத்தையும் விட்டுக்கொடுத்து 6,60,000 ரூபாய்க்கு மூன்று காசோலையாக முடிந்தது. சமரசத்தில் எழுதிக் கையெழுத்தான உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்புக்கு உள்ள மதிப்பு உண்டு என்பதால், காசோலை திரும்பியிருந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. மூன்றாவது காசோலை டிசம்பரில் பணமானது. சங்கிலியை மீட்டாயிற்று.

நவம்பரில் மாமா சர்ஜாபூர் சாலைப் பக்கம் புதிய சைட்டில் வேலை தொடங்கினார். அன்று மதியம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கம்பெனியின் லெட்டர்பேடில் வந்த ஒர்க் ஆர்டர் எண்ணைக் குறிப்பிட்டு, இன்று பதினான்கு ஆள்களோடு இரண்டாவது மாடியில் உள்பூச்சு தொடங்கியிருக்கிறோம், எங்கள் உத்யம் பதிவு எண் இது என்று மகனைக் கொண்டு எழுதவைத்த நான்கு வரிக் கடிதம். கீழே கம்பெனி அலுவலகத்தின் பெறுகை முத்திரை. முத்திரையில் தேதி சரியாக விழாததால், வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொல்லி, அதன் பக்கத்திலேயே பேனாவால் தேதியை எழுதி வாங்கியிருந்தார்.